வாயு விரிந்தால் குளிருமா? முதல் விதியை எப்படிப் போடுவது

கேள்வி சுருக்கமாக இதுதான்: "பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். வாயு விரியும்போது வேலை செய்கிறது, அதனால் குளிர்கிறது என்று ஓரிடத்தில் வருகிறது. அடுத்த பக்கத்திலேயே வெப்பநிலை மாறாமல் விரிகிறது என்கிறார்கள். வெற்றிடத்துக்குள் விரிந்தால் வேலையே கிடையாதாம். ஆனால் சைக்கிள் டியூப் வால்வைத் திறந்தால் வரும் காற்று கையில் சில்லென்று படுகிறது. இதற்கெல்லாம் ஒரே முதல் விதிதானா?"

ஆமாம், ஒரே விதிதான்: வெப்ப இயக்கவியலின் முதல் விதி, அதாவது வெப்பத்தையும் வேலையையும் சேர்த்துப் போடும் ஆற்றல் கணக்கு. ஆனால் "வாயு விரிந்தது" என்று மட்டும் சொன்னால், அது குளிர்ந்ததா சூடானதா என்று யாராலும் சொல்ல முடியாது. இன்னும் இரண்டு தகவல்கள் வேண்டும். விரியும்போது எதிரே நின்று அதைத் தள்ளியது எது, எவ்வளவு அழுத்தத்தோடு? சுவர் வழியாக வெப்பம் உள்ளே வர இடம் இருந்ததா? இவை தெரிந்துவிட்டால் மீதி வெறும் வரவு செலவுக் கணக்கு.

முதலில் குறியீட்டுச் சிக்கலைத் தீர்த்துவிடலாம், பாதிப் பேர் இடறுவது அங்கேதான். இயற்பியல் புத்தகம் சொல்வது: அக ஆற்றல் (வாயுவின் மூலக்கூறுகளிடம் உள்ள மொத்த ஆற்றல்) மாற்றம் = வாயுவுக்குக் கொடுத்த வெப்பம் − வாயு செய்த வேலை. வேதியியல் புத்தகம் சொல்வது: அக ஆற்றல் மாற்றம் = வெப்பம் + வேலை. இரண்டும் சரி. வேதியியல்காரர்கள் வாயுவின் மேல் செய்யப்பட்ட வேலையை எழுதுகிறார்கள், அதனால் விரியும்போது அந்த எண் எதிர்க்குறியோடு வரும். ஒரே தேர்வுத்தாளில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும். இங்கே நான் இயற்பியல் முறையிலேயே போகிறேன்.

அடுத்தது அக ஆற்றல். நல்லியல்பு வாயுவுக்கு அது வெப்பநிலையை மட்டும்தான் சார்ந்தது. மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுப்பதில்லை என்று வைத்துக்கொள்வதால், அவற்றுக்கிடையே தூரம் கூடுவதால் ஆற்றலில் எதுவும் மாறாது. எனவே அக ஆற்றல் மாற்றம் = மோல் எண்ணிக்கை × பருமன் மாறா மோலார் தன்வெப்பம் (பருமனை மாற்றாமல் ஒரு மோலை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான வெப்பம்) × வெப்பநிலை மாற்றம். இதைப் பார்த்ததும் "இங்கே பருமன் மாறுகிறதே, பருமன் மாறா தன்வெப்பத்தை எப்படிப் போடலாம்?" என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. அந்த எண்ணை முதலில் அளந்தது பருமன் மாறாத நிகழ்வில், அவ்வளவுதான். அங்கே வேலை இல்லை, கொடுத்த வெப்பம் முழுவதும் அக ஆற்றலாகிறது, அதனால் அளக்க வசதி. அக ஆற்றல் ஒரு நிலைச் சார்பு. தொடக்க வெப்பநிலையும் இறுதி வெப்பநிலையும் தெரிந்தால் வாயு எந்த வழியாக வந்திருந்தாலும் மாற்றம் ஒன்றுதான். வெப்பமும் வேலையும்தான் வழியைப் பொறுத்து மாறும்.

இனி எண்களோடு பார்ப்போம். ஒரு மோல் காற்று, 300 கெல்வின், 2 வளிமண்டல அழுத்தம். பருமன் சுமார் 12.3 லிட்டர் வரும். பருமன் மாறா மோலார் தன்வெப்பம் சுமார் 20.8 ஜூல், காமா (அழுத்தம் மாறா தன்வெப்பத்தைப் பருமன் மாறா தன்வெப்பத்தால் வகுத்தால் வரும் எண்) 1.4. இதே வாயுவை இதே நிலையிலிருந்து இரண்டு மடங்கு பருமனுக்கு, அதாவது 24.6 லிட்டருக்கு, வெவ்வேறு வழிகளில் கொண்டுபோவோம்.

அழுத்தத்தை 2 வளிமண்டலத்திலேயே வைத்துக்கொண்டு சூடாக்கி விரியவிட்டால், வெப்பநிலை 600 கெல்வினுக்குப் போகும். அழுத்தம் மாறாமல் பருமன் இரட்டிக்க வேண்டுமானால் வெப்பநிலையும் இரட்டிக்க வேண்டுமே. வாயு செய்யும் வேலை சுமார் 2,490 ஜூல், அக ஆற்றல் உயர்வு சுமார் 6,240 ஜூல், ஆகவே நாம் கொடுக்க வேண்டிய வெப்பம் சுமார் 8,730 ஜூல். வாயு விரிந்திருக்கிறது, வேலையும் செய்திருக்கிறது, ஆனாலும் கொதிக்கிறது. "விரிந்தால் குளிரும்" என்பதைப் பொது விதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

வெப்பநிலை மாறா நிகழ்வில் சிலிண்டர் 300 கெல்வினில் இருக்கும் ஒரு பெரிய நீர்த்தொட்டியில் நிற்கிறது. பிஸ்டன் மெல்ல நகர்கிறது. வேலை = வாயு மாறிலி × வெப்பநிலை × பருமன் விகிதத்தின் இயல் மடக்கை, அதாவது 2,494 × 0.693, சுமார் 1,730 ஜூல். வெப்பநிலை மாறவில்லை, ஆகவே அக ஆற்றல் மாற்றம் பூஜ்யம். அப்படியானால் அந்த 1,730 ஜூலும் எங்கிருந்து வந்தது? முழுவதும் தொட்டி நீரிலிருந்து வெப்பமாக வந்தது. "வெப்பநிலை மாறவில்லை, எனவே வெப்பப் பரிமாற்றம் இல்லை" என்று எழுதும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். வெப்பநிலை மாறாமல் இருப்பதே வெப்பம் தொடர்ந்து வந்துகொண்டிருப்பதால்தான்.

இங்கே கூர்மையான மாணவர் ஒருவர் கேட்பார்: வந்த வெப்பம் முழுவதும் வேலையாகிவிட்டதே, இரண்டாம் விதி இதை அனுமதிக்குமா? அனுமதிக்கும். இரண்டாம் விதி தடுப்பது, ஒரு சுற்றை முடித்துத் தொடக்க நிலைக்கே திரும்பும் இயந்திரம் ஒரே வெப்ப மூலத்திலிருந்து எடுத்த வெப்பத்தை முழுவதும் வேலையாக்குவதை. நம் வாயு திரும்பி வரவில்லை, 24.6 லிட்டரில் 1 வளிமண்டல அழுத்தத்தோடு நிற்கிறது.

அடுத்தது வெப்பப் பரிமாற்றமில்லா நிகழ்வு. தொட்டியை எடுத்துவிட்டு சிலிண்டருக்கு வெப்பம் கடத்தாத சுவர் போடுவோம். பிஸ்டன் சீராக நகர்கிறது. இப்போது வேலைக்கான ஆற்றல் வெளியிலிருந்து வர வழியில்லை, கையிருப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும். இறுதி வெப்பநிலை = 300 ÷ (2-இன் 0.4 அடுக்கு; 0.4 என்பது காமா − 1), சுமார் 227 கெல்வின், அதாவது −46 டிகிரி செல்சியஸ். அக ஆற்றல் சுமார் 1,510 ஜூல் குறைந்திருக்கிறது, வாயு செய்த வேலையும் அதே 1,510 ஜூல். மூலக்கூறு அளவில் பார்த்தால், விலகிப்போகும் பிஸ்டனில் மோதும் மூலக்கூறு வந்த வேகத்தைவிடக் குறைந்த வேகத்தோடு திரும்புகிறது. இப்படி எண்ணற்ற மோதல்களில் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் குறைவதைத்தான் நாம் குளிர்ச்சி என்கிறோம். பிஸ்டன் அசையாமல் இருந்தால் இந்த இழப்பு கிடையாது.

இதை மனதில் வைத்துக்கொண்டு வெற்றிடத்துக்கு வாருங்கள். பாத்திரத்தை நடுவில் ஒரு தடுப்பால் பிரித்து, ஒரு பக்கம் நம் வாயு, மறுபக்கம் ஒன்றுமில்லை. தடுப்பை நீக்கினால் வாயு 24.6 லிட்டருக்குப் பரவுகிறது. விலகிப்போகும் பிஸ்டன் எதுவும் இல்லை, எதிரே தள்ளுபவரும் இல்லை. வேலை பூஜ்யம். சுவர் வெப்பம் விடாது, ஆகவே வெப்பமும் பூஜ்யம். அக ஆற்றல் மாறவில்லை, வெப்பநிலை அதே 300 கெல்வின்.

இந்த இடத்தில் இரண்டு தவறுகள் வழக்கமாக நடக்கும். ஒன்று, "அழுத்தம் × பருமன் மாற்றம்" என்ற சூத்திரத்தில் வாயுவின் அழுத்தத்தைப் போட்டு, வேலை பூஜ்யமில்லை என்று விடை எழுதுவது. அந்தச் சூத்திரத்தில் வரவேண்டியது வெளி அழுத்தம். பிஸ்டன் மிக மெதுவாக நகரும்போது உள்ளழுத்தமும் வெளியழுத்தமும் கிட்டத்தட்டச் சமம், அதனால் அப்போது மட்டும் வாயுவின் அழுத்தத்தைப் போட்டாலும் சரியாக வருகிறது. இரண்டாவது, "வெப்பப் பரிமாற்றம் இல்லை, எனவே வெப்பப் பரிமாற்றமில்லா நிகழ்வின் சமன்பாடு" என்று காமா அடுக்கைப் போட்டு 227 கெல்வின் என்று முடிப்பது. அந்தச் சமன்பாடு மீள் நிகழ்வுக்கு, அதாவது ஒவ்வொரு கட்டத்திலும் சமநிலையிலேயே இருந்து, வந்த வழியே திருப்பக்கூடிய நிகழ்வுக்கு மட்டும்தான். வெற்றிடத்துக்குள் நடக்கும் இந்தத் தடையற்ற விரிவின் நடுவில் வாயுவுக்கு "அழுத்தம் இவ்வளவு" என்று சொல்லக்கூடிய ஒரே எண் கூடக் கிடையாது, ஒரு மூலையில் கூட்டம், மறு மூலையில் வெறுமை.

இயற்பியலாளர் ஜூல் இதைச் செய்தே பார்த்தார். 1845-இல் வெளியான சோதனை அது. இரண்டு செம்புக் கலன்கள், ஒன்றில் சுமார் 22 வளிமண்டல அழுத்தத்தில் காற்று, மற்றொன்று காலி, இரண்டும் நீரில் அமிழ்ந்திருக்கின்றன. இடையே உள்ள குழாயைத் திறந்தார். நீரின் வெப்பநிலையில் மாற்றம் தெரியவில்லை. உண்மையில் காற்று நல்லியல்பு வாயு அல்ல, மூலக்கூறுகள் ஒன்றையொன்று கொஞ்சம் இழுக்கின்றன, விலகும்போது அந்த இழுவைக்கு எதிராக இயக்க ஆற்றல் கொஞ்சம் செலவாகிறது. ஆக மிகச் சிறிய குளிர்ச்சி இருந்திருக்க வேண்டும். ஆனால் அவ்வளவு நீரையும் செம்பையும் குளிர்விக்க அது போதாது. வெப்பமானிக்கு எட்டவில்லை.

பிஸ்டனை மெல்லத் தள்ளும் விரிவு ஒரு முனை, வெற்றிட விரிவு மறு முனை; இந்த இரு முனைகளுக்கும் நடுவில்தான் நிஜ உலகின் பெரும்பாலான விரிவுகள் இருக்கின்றன. அதே காற்று, அதே 2 வளிமண்டலம், பிஸ்டன் மேல் ஒரு எடை. சுவர் வெப்பம் விடாது. எடையைச் சட்டென்று எடுத்துவிட்டால் எதிரே நிற்பது வெளியில் உள்ள 1 வளிமண்டல அழுத்தம் மட்டுமே. எல்லாம் அடங்கி ஓய்ந்ததும் கணக்குப் போட்டால் 257 கெல்வின், வேலை சுமார் 890 ஜூல். அதே எடை மணலாக இருந்து, ஒவ்வொரு மணியாக எடுத்து 1 வளிமண்டலத்துக்குக் கொண்டுவந்தால் 246 கெல்வின், வேலை சுமார் 1,120 ஜூல். இரண்டிலும் வெப்பம் பூஜ்யம், இறுதி அழுத்தமும் ஒன்று. சட்டென்று விட்டதில் வாயு சும்மா கிடைத்த இடத்தை ஓடி நிரப்பியது, எதிர்ப்பு குறைவு, ஆகவே வேலை குறைவு, ஆகவே குளிர்ச்சியும் குறைவு. இறுதிப் பருமன் மட்டும் இதில்தான் அதிகம்! அதிகம் விரிந்தது குறைவாகக் குளிர்ந்திருக்கிறது.

"வெப்பம் கசியாமல் இருக்க வேகமாக விரிய வேண்டும், மீள் நிகழ்வாக இருக்க மெதுவாக விரிய வேண்டும், இரண்டும் எப்படிச் சேரும்?" என்று ஒரு கேள்வி இங்கே எழும். எதைவிட மெதுவாக என்பதுதான் விஷயம். அழுத்த மாற்றம் வாயுவுக்குள் ஒலியின் வேகத்தில் பரவுகிறது, அறை வெப்பநிலையில் நொடிக்குச் சுமார் 345 மீட்டர். ஒரு மோட்டார் சைக்கிள் எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்று ஓடும்போது கூட பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்குப் பத்துப் பன்னிரண்டு மீட்டர்தான். நமக்கு மின்னல் வேகம், வாயுவுக்கு நத்தை வேகம். வெப்பம் சுவருக்குள் கசிவதற்கோ அதைவிட நேரம் வேண்டும். இரண்டுக்கும் நடுவில் வசதியான இடைவெளி இருக்கிறது. ஒலியே இதற்கு நல்ல சாட்சி. ஒலி அலையில் காற்று அமுங்குவதையும் விரிவதையும் வெப்பநிலை மாறா நிகழ்வாக எடுத்துக்கொண்ட நியூட்டனுக்கு ஒலியின் வேகம் உண்மையைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவாக வந்தது. வெப்பப் பரிமாற்றமில்லா நிகழ்வு என்று லாப்லாஸ் திருத்திய பிறகுதான் கணக்கு பொருந்தியது.

இப்போது டியூப். இதுதான் பார்க்க எளிதாக, போடச் சிக்கலாக உள்ள கணக்கு, ஏனென்றால் வாயு வெளியே ஓடுகிறது. மூடிய அமைப்புக்கான முதல் விதியை அப்படியே போட முடியாது. எந்தக் காற்றைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும்.

டியூபுக்குள் கடைசிவரை தங்கப்போகும் காற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் சுற்றி மனதுக்குள் ஒரு கோடு போடுங்கள். முன்னால் இருக்கும் காற்றை அது வால்வு வழியாக வெளியே தள்ளுகிறது, அதாவது வேலை செய்துகொண்டே விரிகிறது. சில நொடிகளில் வெளியிலிருந்து அதிக வெப்பம் வந்து சேராது. ஆகவே உள்ளே இருக்கும் காற்று நிஜமாகவே குளிர்கிறது. கிளெமெண்ட், டிசோர்ம் இருவரும் 1819-இல் வெளியிட்ட காமா அளவீடு இதே சங்கதிதான்: பெரிய கண்ணாடிக் கலனில் காற்றைச் சற்று அழுத்தி வைத்து, நொடிநேரம் திறந்து மூடுவது. மூடிய பிறகு அழுத்தம் மெல்ல ஏறும். குளிர்ந்த காற்று அறையிலிருந்து வெப்பம் வாங்குவதால் வரும் ஏற்றம் அது. தொடக்க அழுத்த மிகுதியை, அதற்கும் இறுதி மிகுதிக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்தால் காமா கிடைத்துவிடும். திறந்து மூடி முடிக்கும் இரண்டு வாசிப்புகளில் இவ்வளவு கிடைப்பது எனக்கு இன்றும் அழகாகத் தோன்றும் சோதனை.

வெளியே பாயும் காற்றின் கணக்கு வேறு. ஓடும் வாயுவுக்கு அக ஆற்றலோடு அழுத்தம் × பருமனையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், அதுதான் என்தால்பி. வெப்பம் சேராதபோது என்தால்பியும் ஓட்டத்தின் இயக்க ஆற்றலும் சேர்ந்து மாறாமல் இருக்கும். வால்வு வாயில் காற்று நொடிக்கு 300 மீட்டர் வேகம் பிடித்தால் ஒரு கிலோவுக்கு 45,000 ஜூல் இயக்க ஆற்றல். அதை அழுத்தம் மாறா தன்வெப்பமான 1,005-ஆல் வகுத்தால் சுமார் 45 டிகிரி இறக்கம். ஆனால் அந்தக் காற்று விரலில் மோதி நிற்கும்போது இயக்க ஆற்றலில் பெரும்பகுதி திரும்ப வெப்பமாகிவிடும். ஆகவே கையில் உணரும் சில்லிப்பில் உள்ளே குளிர்ந்த காற்றின் பங்கும் இருக்கிறது, வேகமாக வீசும் எந்தக் காற்றும் தோலின் ஈரத்தை உலர்த்திக் குளிர்விக்கும் பங்கும் இருக்கிறது. மேலே போட்ட 227 கெல்வின் மாதிரிக் கணக்கை நேரடியாக விரல்மேல் பொருத்தக் கூடாது.

அந்த வேகத்தையும் அடக்கிவிட்டால் என்ன ஆகும்? வாயுவை நுண்துளை அடைப்பான் வழியாக மெதுவாகக் கசியவிடுவது அதுதான். 1850-களில் ஜூலும் தாம்சனும் செய்த தொடர் சோதனைகள் இந்த வகை. பின்னால் இருப்பது வாயுவைத் தள்ளி வேலை செய்கிறது, வாயு முன்னால் இருப்பதைத் தள்ளி வேலை செய்கிறது, என்தால்பி மாறாது. நல்லியல்பு வாயுவானால் வெப்பநிலை மாற்றம் சுத்தமாக இல்லை. நிஜக் காற்றில் அறை வெப்பநிலையில் ஒரு வளிமண்டல அழுத்தம் இறங்கினால் சுமார் கால் டிகிரி குளிர்கிறது. கால் டிகிரிதானே என்று தள்ளிவிட வேண்டாம். குளிர்ந்து வெளியேறும் காற்றை வைத்தே உள்ளே வரும் காற்றைக் குளிர்வித்து, அதைத் திரும்பத் திரும்பச் செய்து லிண்டே 1895-இல் காற்றைப் பெருமளவில் திரவமாக்கினார். ஹைட்ரஜன் அறை வெப்பநிலையில் இதற்கு நேர்மாறு, அடைப்பானைத் தாண்டினால் கொஞ்சம் சூடாகும். சுமார் 200 கெல்வினுக்குக் கீழே கொண்டுபோன பிறகுதான் குளிரத் தொடங்கும். டிவார் 1898-இல் திரவ ஹைட்ரஜன் எடுத்தபோது முதலில் அதைத் திரவக் காற்றால் குளிர்வித்ததன் காரணம் இது. ஹீலியத்துக்கு அந்த எல்லை சுமார் 40 கெல்வின், ஆகவே 1908-இல் லெய்டனில் ஹீலியத்தைத் திரவமாக்கிய காமர்லிங் ஆன்னஸுக்கு, முதலில் அதைக் குளிர்விக்கத் திரவ ஹைட்ரஜனே தேவைப்பட்டது.

பெரிய அளவில் வெப்பப் பரிமாற்றமில்லா விரிவைப் பார்க்க வேண்டுமானால் மேற்குத் தொடர்ச்சி மலையைப் பாருங்கள். தென்மேற்குப் பருவக்காற்று சரிவில் ஏறும்போது சுற்றியுள்ள அழுத்தம் குறைகிறது, காற்று விரிகிறது, சுற்றியுள்ள காற்றைத் தள்ளி வேலை செய்கிறது. காற்று வெப்பத்தை மோசமாகக் கடத்தும் பொருள், நகரும் திரளோ கிலோமீட்டர் கணக்கில் அகலம், ஆகவே வெளியிலிருந்து வெப்பம் கிடைக்காது. ஈர்ப்பு முடுக்கம் 9.8-ஐ 1,005-ஆல் வகுத்தால் மீட்டருக்கு 0.0098 டிகிரி, அதாவது கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட 10 டிகிரி. மேகம் கட்டத் தொடங்கியதும் நீராவி நீர்த்துளியாக மாறும்போது வெளிவிடும் உள்ளுறை வெப்பம் உள்ளேயே வந்து சேர்கிறது, குளிரும் வீதம் கிலோமீட்டருக்கு ஐந்து ஆறு டிகிரியாக இறங்குகிறது. கேரளப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு நம் பக்கம் இறங்கும் காற்று அமுங்கிச் சூடாகும்போது முழு 10 டிகிரி வீதத்தில் சூடாகிறது. மலைக்குக் கிழக்கே ஜூன், ஜூலையில் காற்று மட்டும் பலமாக வீசி மழை ஏமாற்றுவதில் இந்தக் கணக்குக்குப் பெரிய பங்கு உண்டு.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. சமையல் கேஸ் சிலிண்டரை அதிகம் எரித்தால் அடியில் வியர்ப்பது, வாசனை ஸ்ப்ரே டப்பா கையில் குளிர்வது, தீயணைப்பான் வாயில் கார்பன் டை ஆக்சைடு பனித்தூளாக வருவது, இவற்றை "வாயு விரிவதால் குளிர்ச்சி" என்பதற்கு எடுத்துக்காட்டாகப் பலர் எழுதுகிறார்கள். முதல் இரண்டிலும் உள்ளே இருப்பது திரவம். அது ஆவியாவதற்கான உள்ளுறை வெப்பத்தைத் தன்னிடமிருந்தும் டப்பாவிலிருந்தும் எடுப்பதுதான் குளிர்ச்சியின் பெரும்பங்கு. தீயணைப்பானிலும் திரவ கார்பன் டை ஆக்சைடில் ஒரு பகுதி ஆவியாகும்போது மீதி உறைந்துவிடுகிறது. ஏசி, ஃபிரிட்ஜ் இரண்டும் இதே கதைதான். முதல் விதி அங்கேயும் செல்லும், ஆனால் அக ஆற்றல் வெப்பநிலையை மட்டும் சார்ந்தது என்று மேலே சொன்ன வசதி அங்கே கிடையாது. நல்லியல்பு வாயுச் சூத்திரங்களைத் திரவம் கலந்த டப்பாவுக்குப் போட்டால் விடை எங்கேயோ போய் நிற்கும்.